செவலை தண்ணீர் குடித்த பிறகும்

நாய்க்கும் காக்காய்வலிப்பு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அறுபதுகளின் கடைசியில் ஒரு மதியம் எங்கள் வீட்டுச் செவலை நாய் களத்தில் திடீரென்று சாய்ந்து, நாலு காலும் விறைத்து, நுரை தள்ளிக் கிடந்தது. வெறிதான் பிடித்துவிட்டது என்று நானும் பயந்தேன். சிங்கம்புணரி மாட்டாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் கொண்டுபோனேன். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டுப் படித்துப் படித்துச் சொன்னார்: இது வெறி இல்லை, வலிப்பு. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கால் வெட்டி இழுப்பது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதற்கு ஆள் தெரியாது, கிட்டே போனால் கடித்துவிடும். தானாகத் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

அதன்பிறகு விழும்போதெல்லாம் நான்தான் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் சாமான்களை ஒதுக்குவேன், தலைக்குக் கீழே சாக்கை மடித்து வைப்பேன், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு எட்ட உட்கார்ந்திருப்பேன். எழுந்து சுவரில் முட்டும், என்னைப் பார்த்தே உறுமும். பிறகு தண்ணீர் குடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. அண்ணன் வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். செவலை முற்றத்தில் வெட்டி ஓய்ந்து கிடந்தது. கிட்டே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் திரும்புவதற்குள் அவர் நெல் அறை இரும்புச் சாவியை எடுத்து அதன் பல்லுக்கு நடுவில் செருகியிருக்கிறார். நினைவில்லாமல் அது கையைக் கவ்விவிட்டது.

"மனுசனுக்குக் கேக்குற இரும்பு நாய்க்குக் கேக்காதா? இது வெறிதான்டா" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் உலக்கையோடு வந்துவிட்டார்கள். நான் தண்ணீர்ச் சட்டியை வைத்தேன். செவலை தள்ளாடி வந்து குடிக்க ஆரம்பித்தது.

"அண்ணே, தண்ணி குடிக்குது பாருங்க. வெறி புடிச்சது குடிக்குமா? அடிக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே."

"நீ அங்குட்டுத் தள்ளு" என்றார்.

குடித்துக்கொண்டிருக்கும்போதே அடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் டாக்டர் முதலில் கேட்டது, நாய் எங்கே என்று. கட்டிப்போட்டுச் சில நாள் கவனித்திருந்தால், அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஊசியை நிறுத்தியிருக்கலாமாம். நாய் இல்லாததால் தொப்புளைச் சுற்றி எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார். கூட நின்ற எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

வைரவர்தான் தன்னைக் காப்பாற்றினார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த அஷ்டமிக்கு என்னையும் கோயிலுக்குக் கூப்பிட்டார். போனேன், சாமி என்ன தப்புச் செய்தது. வைரவருக்குப் பின்னால் வாகனமாக நிற்கும் கல் நாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விபூதியை என் பக்கம் நீட்டினார். நான் அவர் கையிலிருந்து வாங்கவில்லை. குருக்களிடம் போய்க் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான்.