அக்கா காத்திருந்த பதினோரு நாள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எங்கள் வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். அவரைப் பற்றி எழுதும் வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து, வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு வருடத்தில் உடம்பும் மனசும் அசந்துபோய்விட்டன. கொஞ்சம்தான் எழுதுவேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்தில். அவருடைய பத்தொன்பதாம் வயதில் அப்பா காலமானார். அக்கா விடாமல் படித்து அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனார். என்னைப் படிக்க வைத்தார், வேலைக்கு மனுப் போட வைத்தார், எனக்குப் பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். அவருக்குத்தான் கல்யாணம் ஆகவில்லை.

அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு கிரகம். அக்காவின் ஜாதகத்தில் செவ்வாய் வக்ரம். வானத்தில் ஒரு கிரகம் சில காலம் வந்த வழியே திரும்பிப் போவது போலத் தெரியும், அதைத்தான் வக்ரம் என்பார்கள். அந்த நேரத்தில் பிறந்த பெண் புருஷனோடு ஒத்துப்போக மாட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டு ஜோசியர்கள் சொன்னார்கள். இப்படியே மூன்று வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவது வீட்டார் காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனதும் அக்கா அம்மாவிடம் கேட்டார்.

"வக்ரம் வக்ரம்னு சொல்றாங்களே, அப்படின்னா இன்னான்னு இவங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமாமா?"

அடுத்த வாரமே அக்கா பஞ்சாங்கமும் ஜாதகம் கணிக்கும் புத்தகமும் வாங்கி வந்துவிட்டார். கோபத்தில் தொடங்கிய படிப்புதான் அது. ஆனால் ஓய்வு பெற்று, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். வக்ரத்தைக் காரணம் காட்டி யாருடைய வரனையும் அவர் தட்டிவிட்டதில்லை.

மாடியறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கடைசியாக அதில் இருந்தவர் மார்த்தா என்ற பெண். புதன் வக்ரத்தில் இருக்கிறது, ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட மாட்டேன் என்று ஒருநாள் அவர் கலங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரை மாடிச் சுவரோரம் நிறுத்தி, ரோட்டில் போகும் பேருந்துகளைக் காட்டித் தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் ஏதோ பாடம் நடத்தினார். இன்னா சொன்ன என்று கேட்டேன்.

"நாம போற பஸ் இன்னொரு பஸ்ஸை ஓவர்டேக் பண்றப்ப, ஜன்னல்ல பாத்தா அது பின்னால போற மாதிரி இருக்கும்ல, அதாண்டா வக்ரம். சனியை நாம முந்துறோம். புதன் நம்மள முந்துறாரு. எவரும் ரிவர்ஸ் எடுக்கல. நாம பாக்குற இடம் அப்படி."

முப்பது வருடம் பேருந்துகளோடு மாரடித்தும் எனக்கு இது தோன்றியதில்லை. மார்த்தா அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார்.

பஞ்சாங்கம் என்று வந்தால் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் ஆகாது. அக்கா திருக்கணிதக் கட்சி. இன்று வானத்தில் கிரகம் எங்கே தெரிகிறதோ அதற்கு ஏற்பத் திருத்திக் கணித்த பஞ்சாங்கம் அது. நான் வாக்கியக் கட்சி. பழைய வாய்பாட்டை மாற்றாமல் கணிப்பது. கோயில்கள் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான். இரண்டிலும் நாளும் நேரமும் முன்னே பின்னே இருக்கும். என் மகள் கல்யாணத்துக்கு வாக்கியப்படி நாள் குறித்தபோது சம்பந்தி வீட்டார் முன்னிலையிலேயே அக்கா சொன்னார்.

"முகூர்த்தத்துக்கு முன்னாடியே திதி முடிஞ்சுடுதுடா. நாளை மாத்து."

"மண்டபம் கெடைச்சதே பெரிய விஷயம். உன் கணக்கெல்லாம் ஸ்கூலோட வெச்சுக்கோக்கா."

நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அக்கா கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இனி இவரிடம் பஞ்சாங்கப் பேச்சே எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சென்னைக்கு அழைத்துப் போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி மருத்துவர் ஒரு தேதி கொடுத்தார். திரும்பி வரும் பேருந்திலேயே அக்கா பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"அன்னிக்கு சனி இன்னும் வக்ரத்துலதான் இருக்குது. ஆயுசுக்குக் காரகன் அவருதான். அவர் நேரான பிறகு போலாம்."

"எப்போ நேராவாரு?"

"அந்தத் தேதிக்கு ஒம்போது நாள் கழிச்சு."

ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று சொன்னவர், தன் உடம்பு என்று வந்தபோது மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளி வைத்தார். வீட்டுக்கு வந்து என் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். அதில் சனியின் வக்ரம் அக்கா சொன்ன நாளுக்குப் பதினோரு நாள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அதாவது மருத்துவர் கொடுத்த தேதிக்கு இரண்டு நாள் முன்பே சனி நேராகிவிடுகிறார். என் மனைவியிடம் காட்டினேன்.

"போய்ச் சொல்லுங்க. கேக்கலன்னா பரவால்ல," என்றாள்.

"அவங்ககிட்ட மறுபடி பஞ்சாங்கம் பேசி வாங்கிக் கட்டிக்க என்னால முடியாது. ஒம்போது நாள்தான, போவட்டும்."

அக்கா வீடு என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். நான் போகவில்லை. அலுப்பு, வேறொன்றும் இல்லை.

மருத்துவர் சொன்ன தேதி வந்தது, போனது. நான்காம் நாள் காலையில் அக்கா மாடிப்படியில் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருந்ததை, ஊருக்குக் கிளம்ப இன்னும் சில நாள் இருந்த மார்த்தாதான் பார்த்தார். உடனே சென்னைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கடுத்த நாள் மூச்சுக் குழாயை எடுத்த பிறகு, ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வாக்கியத்துல சனி என்னிக்கு நேராவறாரு, பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நானும் பாத்தேன். அவங்க குடுத்த தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே."

"தெரிஞ்சும் அப்புறம் ஏன்க்கா தள்ளிப்போட்ட?"

"பயமா இருந்துச்சுடா. சனி மேல பழியப் போட்டேன். நீ உன் பஞ்சாங்கத்தத் தூக்கினு வந்து சண்ட போடுவ, சரி போடான்னு கெளம்பிடலாம்னு பாத்துனு இருந்தேன்."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். மறுநாள் அக்கா போய்விட்டார். அவர் போன இரண்டாம் நாள், அவருடைய பஞ்சாங்கத்திலும் சனி நேரானார்.

முன்பே அறுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரைக் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றுவரைக்கும் போதவில்லை.

அக்காவைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றிய மார்த்தாவுக்கும், கூப்பிட்டதும் சவாரியை விட்டுவிட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பிக்கும், இரத்தம் கொடுத்த அக்காவின் பழைய மாணவர்களுக்கும், அந்த நாட்களில் சமைத்துக் கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போய்ச் சொல்லுங்கள் என்று சொன்ன என் மனைவிக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

வருடத் திதிக்கு நாள் பார்ப்பதற்காகப் போன மாதம் இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நாள்தான் வருகிறது. அக்காவோடு சண்டை போட ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பத்து நிமிடம்தான் ஆனது.