பதினோரு ஜோடி பூட்ஸும் மார்க்கோவின் வேலையும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கால்பந்துக் குழுவைக் கூட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை, நான் போய்ப் பட்டேன். அப்போது எங்கள் ஊர் கிளப்புக்கு நான்தான் செயலாளர்.

எங்கள் மேனேஜர் மார்க்கோ, இத்தாலிக்காரர். அங்கே ஏதோ ஒரு சின்ன ஊர்க் குழுவை நடத்தியவராம். போர்க்கைதியாகப் பெங்களூருக்கு வந்தவர், விடுதலையான பிறகும் ஊர் திரும்பவில்லை. மதராஸில் இரண்டு கிளப்புகள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டன. மூன்றாவதாக எங்கள் தலையில் விடிந்தார். பூட்ஸ் போட்டால்தான் கால்பந்து என்பது அவர் கொள்கை. எங்கள் பசங்களோ பிறந்ததிலிருந்து வெறுங்கால். பூட்ஸ் மாட்டியதிலிருந்து ஆறு ஆட்டம் தொடர்ந்து தோல்வி. கிளப் தலைவர், ரைஸ்மில் முதலாளி, என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மாமல்லபுரத்துலயும் தோத்தா, தொரைய மதராஸ் ரயில்ல ஏத்திடு."

காலை பத்தரைக்குப் பஸ். தலைக்கு ஒன்பதணா, பதினெட்டு மைல். வீட்டிலிருந்தே பூட்ஸ் போட்டு வரவேண்டும் என்பது மார்க்கோவின் உத்தரவு. பதினோரு பேரும் நொண்டிக்கொண்டே ஏறினார்கள். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் காதருக்கு அங்கே மாமு வீடு. "பிரியாணி ஆக்கி வெச்சிக்கீறாங்க, சாப்புடாம போனா மாமு கோச்சுக்குவாரு" என்றான். ஆட்டத்துக்கு முன்னால் பிரியாணியா என்று மார்க்கோ தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? அவர் மட்டும் ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, ஒன்று இருபதுக்கு வரும் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தி வைக்க முன்னாடியே போய்விட்டார்.

பஸ் ஹாரன் கேட்டதும் கை கழுவியும் கழுவாமலும் ஓடினோம். மாமல்லபுரத்தில் இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல் திடலுக்குப் போன பிறகுதான் மார்க்கோ குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வெறுங்கால்கள். பூட்ஸ் எல்லாம் மாமு வீட்டு வாசலில். வீட்டுக்குள் போகும்போது கழற்றினார்கள், வெளியே வரும்போது மாட்ட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த எனக்கும் உறைக்கவில்லை. வெறுங்காலைப் பார்த்தால் எங்களுக்கு எதுவும் குறைவதாகவே தெரியாதே!

"என் வேலை போச்சு" என்றார் மார்க்கோ, தமிழில். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அன்றைக்கு அந்தக் கொதிக்கும் மணலில் பசங்க பேய் மாதிரி ஓடினார்கள். மூன்றுக்கு ஒன்று. காதர் மட்டும் இரண்டு கோல். காரில் வந்து பார்த்துக்கொண்டிருந்த தலைவர் மார்க்கோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மணல்னு பாத்து பூட்ஸ கழட்ட வெச்சிக்கீற பாரு, இன்னா மூளை தொரே ஒனக்கு! இன்னும் ஒரு வருஷம் நீதான்."

மார்க்கோ சும்மா தலையாட்டினால் போதும். நான் அவர் காலை மிதித்தேகூடப் பார்த்தேன்.

"நான் சொல்லலை" என்றார் மார்க்கோ, சுற்றி நின்ற பசங்க எல்லாரும் கேட்க. "இவங்க மறந்துட்டாங்க. பூட்ஸ் இருந்தா தோத்திருப்போம்."

தலைவர் முகம் சுருங்கியது. "அப்போ நீ இன்னாத்துக்கு?" என்றார். அவ்வளவுதான், மூன்றாவது வேலையும் போயிற்று. வாய் இருக்கிறதே என்று இப்படியா பேசுவது என்று திரும்பும் வழியெல்லாம் அவரிடம் கத்திக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது பசங்க மாமு வீட்டுக்கு ஓடிப் பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணி ரயிலுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். பிளாட்பாரத்தில் பதினோரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ். "இன்னாடா இது?" என்றேன்.

"வூட்லேர்ந்தே பூட்ஸ் போட்டுகினு வரணும்னு சொல்லிக்கீறாரே, அண்ணாத்த" என்றான் காதர்.

மார்க்கோ உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த காதரின் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு ரயிலேறினார்.

இப்போது அந்தச் சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. மாமல்லபுரம் மணல் மத்தியானம் சுடும், நாலு மணிக்கு மேல் போங்கள். வழியில் யார் வீட்டிலாவது சாப்பிட்டால், பஸ் ஏறுமுன் காலைக் குனிந்து பாருங்கள். கூட வருகிறவர்கள் காலையும் பாருங்கள். அன்று நான் அதைச் செய்திருந்தால் ஆட்டத்தில் தோற்றிருப்போம், அவருக்கு எப்படியும் அதே ரயில்தான். ஆனால் பிளாட்பாரத்துக்கு ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்.