"வெளிநாட்டுக்காரர் யாரும் இங்க இல்லீங்க!"

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், கொல்லிமலை அரியூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்) நான் இல்லாமல் போனேன். பயப்பட வேண்டாம், உயிரோடுதான் இருந்தேன். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். காகிதத்தில் மட்டும் இல்லாமல் போனேன்.

முதலில் என் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது சேந்தமங்கலம் பக்கம். பிழைப்புக்காக ஆஸ்திரேலியா போய் முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டினேன். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் கொல்லிமலைக்கு வந்து, வயலோரத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கிவிட்டோம். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் என்றேன் அல்லவா? அந்த மகா ஓட்டுநருக்கு, மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பயணியாக உட்கார்ந்தால் பத்தாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். ஊரில் யாருக்கும் என் பெயர் தெரியாது. 'பஸ்காரர்' என்றால்தான் தெரியும். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பதே நல்லது.

சட்டப்படி நாங்கள் இருவருமே வெளிநாட்டினர். ஆனால் அதிலும் இரண்டு ரகம். மனைவி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டையை எப்போதோ வாங்கிவிட்டாள். அவள் ஆயுசுக்கும் இங்கே இருக்கலாம். அந்த அட்டைக்கு, பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று வேண்டும். என்னுடைய சான்றை நான் மிகப் பத்திரமாக வைத்தேன். எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை. 'நகல் கேட்டு எழுதுங்கள், எழுதுங்கள்' என்று அவள் சொல்ல, 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று நான் சொல்ல, வருடங்கள் ஓடிவிட்டன. கடைசியில், அவளுடைய கணவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு விசா கிடைத்தது. விசாவுக்குக் கடைசித் தேதி உண்டு. அதனால் வீட்டில் ஏதாவது சண்டை வந்தால், "நான் வீட்டுக்காரி, நீங்க விருந்தாளி. தேதி பார்த்து நடந்துக்குங்க" என்பாள்.

அந்த விசா முடிய அப்போது இன்னும் பன்னிரண்டு நாட்கள்தான் இருந்தன. நீட்டிப்புக்குக் கணினியில் மனுப் போட்டாயிற்று. கொடுத்த விலாசத்தில் நான் நிஜமாகவே குடியிருக்கிறேனா என்று காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து விசாரித்து எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி. அது சரியாக வராவிட்டால் நீட்டிப்பு கிடையாது. தேதிக்குள் நான் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மனைவிக்கோ அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட என்னைத் தவிர ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவில் எங்களுக்கு வீடும் இல்லை, விற்றுவிட்டுத்தான் வந்தோம். மகள் வீட்டு வரவேற்பறை சோபா ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

அன்று கண் பரிசோதனைக்கு மனைவியை நாமக்கல் கூட்டிப்போய்விட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பினோம். நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வெளிறிய முகத்தோடு இறங்கியதும், டீக்கடை அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க பஸ்காரரே, இங்க வாங்க. ஒரு போலீஸ்காரர் வந்தாருங்க. கையில காயிதம் வெச்சிருந்தாரு. இங்க வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் குடியிருக்காரான்னு கேட்டாரு. நான் வாயத் தொறப்பனா? வெளிநாட்டுக்காரர் யாரும் இங்க இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

பெருமையில் அவர் முகம் பளபளத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், அதாவது எனக்கு வீடு வாடகைக்கு விட்ட விவசாயி, டீயை ஆற்றியபடி சேர்ந்துகொண்டார்.

"அப்பறம் ஊட்டுக்கே வந்துட்டாருங்க. பூட்டிக் கெடக்குதே, யாரு இருக்காங்கன்னாரு. யாருமில்லீங்க, கெழங்கு மூட்டை போட்டு வெச்சிருக்கறேன்னேன். கொடியில உங்க கிளிப்படம் போட்ட டவுசர் தொங்குதுங்க! இது யாருதுன்னாரு. என்னுதுதானுங்கன்னுட்டேன்."

அந்த மனிதர் வேட்டியைத் தவிர வேறு எதுவும் கட்டி ஒருவரும் பார்த்ததில்லை. அவரை அந்த டவுசரில் மனக்கண்ணில் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பக்கத்து வயல்காரர் முந்திக்கொண்டார்.

"நானும் சொன்னனுங்க. அப்படி ஒருத்தர் இருந்தாரு, போன ஆடியிலயே அவரு நாட்டுக்குப் போயிட்டாருன்னு."

"ஏப்பா, நான் ஆளே இல்லைங்கறேன், நீ இருந்து போனாருங்கறே!" என்று அக்கா சீறினார்.

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா சந்தேகம் வருமுல்லக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பது மண்டையில் ஏறியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதானுங்க சொல்லச் சொன்னீங்க!" என்றார் அக்கா.

உண்மைதான். என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி மாதம் இரண்டு முறை மலையேறி வருவார். அவரிடமிருந்து தப்பிக்க, இதே கடையில் நான் ஒரு நாள் பெரிய மனுஷத் தோரணையில் சொல்லியிருந்தேன்: 'என்னைத் தேடி எவன் வந்தாலும் அப்படி ஓர் ஆளே இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.' நான் அடித்த ஜோக்கை அவர்கள் வாக்காக எடுத்துக்கொண்டார்கள். அதோடு அந்த ஊரில் ஒரு வழக்கமும் உண்டு. காக்கிச் சட்டை போட்டு யார் வந்து எவரைப் பற்றிக் கேட்டாலும், சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், வேறொரு வாரமாக இருந்திருந்தால்.

மறுநாள் காலை மலைமேல் உள்ள காவல் நிலையத்துக்கு ஓடினேன். வந்துபோன காவலர் நல்ல மனிதர். உட்கார வைத்தார்.

"சார், நேத்தே எழுதிக் கீழ அனுப்பிட்டனுங்களே" என்றார்.

"நான் இருக்கேனே! இதோ உங்க முன்னாடி உக்காந்திருக்கேனே!"

"நீங்க இருக்கீங்க, அது தெரியுதுங்க. அந்த ஊட்டுல குடியிருக்கீங்களாங்கறதுதான் கேள்வி. மூணு பேரு இல்லைங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கேங்கறீங்க. என் எடத்துல நீங்க இருந்தா யாரை நம்புவீங்க?"

நானாக இருந்தால் என்னை நம்ப மாட்டேன். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களின் கதைகளைக் கேட்டவன் நான். அவரே ஒரு வழியும் சொன்னார்: வீட்டு உரிமையாளரும், முந்தின நாள் 'இல்லை' என்று சொன்னவர்களும் நாமக்கல்லில் இருக்கும் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு நேரில் வந்து, 'இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரம் போட வேண்டும்.

அன்று மதியம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கையெழுத்துப் போட்டா, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவாதுங்களா?" என்றார். அவருடைய தம்பி காட்டில் வெட்டிய ஒரு கட்டு விறகுக்காக ஐந்து வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? என் சோம்பேறித்தனத்துக்கும் என் வாய்க்கும் அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

வீட்டுக்கு வந்து மனைவிக்கு மருந்து விட்டேன். குறி தவறி மூன்று சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொண்டு, "விசா போனாப் போகுது. நீங்க ஜோக் அடிக்காம இருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள், என்ன ஆனாலும் நாமக்கல் போய்க் கெஞ்சிப் பார்ப்போம் என்று காலை முதல் பஸ்ஸுக்குப் போனேன். நிறுத்தத்தில் கூட்டமாக இருந்தது. கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையில் வீட்டுக்காரர் நின்றார். கடையைச் சாத்திவிட்டு அக்கா வந்திருந்தார். பக்கத்து வயல்காரர், அவர் மனைவி என்று மொத்தம் பதினோரு பேர். எல்லோர் கையிலும் ஆதார் அட்டை.

"ராத்திரி கண்ணே மூடலீங்க" என்றார் வீட்டுக்காரர். "நம்ம சொல்லால ஒரு மனுசன் ஊட்டை உட்டுப் போறதுன்னா எப்படீங்க? வாங்க, போலாம்."

பஸ்ஸில் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். பத்தாவது வளைவில் வாந்திதான் வந்தது. அக்கா முதுகைத் தடவிவிட்டு, "வந்துட்டோமுங்க, இன்னும் அறுவதுதான்" என்று ஆறுதல் சொன்னார்.

அலுவலகத்தில் வெளிநாட்டினர் பிரிவைப் பார்த்தவர் ஒரு பெண் அதிகாரி. பதினோரு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். அறிக்கையை எடுத்துப் படித்தார்.

"'கொடியில் காய்ந்த, கிளிப்படம் போட்ட அரைக்கால் சட்டை வீட்டு உரிமையாளருடையது.' யாருங்க உரிமையாளர்?"

வீட்டுக்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நானுங்கம்மா. ஆனா டவுசர் அவருதுங்க. எனக்கு அது ஏறாதுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. "போலீஸ் விசாரணையில பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்?"

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"தெரியுமுங்க. தெரிஞ்சுதானுங்க வந்தோம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "சரி. அன்னைக்கு இல்லைன்னீங்க. இன்னைக்கு இருக்காருங்கறீங்க. இவரு அங்கதான் குடியிருக்காருன்னு நான் எப்படி நம்பறது?"

அவ்வளவுதான், மடை திறந்தது.

"நடவு அன்னைக்கு வரப்புல வழுக்கி எங்க நாத்து மேலயே உக்காந்தாருங்க. பாதிக் கட்டு வீணாப் போச்சு" என்றார் பக்கத்து வயல்காரர். "காலுல அட்டை கடிச்சதுக்குப் பாம்பு கடிச்சிருச்சுன்னு கத்தி ஊரையே கூட்டினாருங்க" என்றார் அவர் மனைவி. "மிளகுக் கொடியத் தலைகீழா நட்டுப்போட்டு ரெண்டு மாசம் தண்ணி ஊத்துனாரு" என்றார் வீட்டுக்காரர். "எங்க கெடா வெட்டுல மூணு பந்தியில உக்காந்தாருங்க, மூணுலயும் முதல் பந்தின்னே சொன்னாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இது எனக்கே புதுச் செய்தி. நான் இரண்டு பந்தியில்தான் உட்கார்ந்ததாக நினைவு. மறுக்க வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

என் வாழ்க்கையில் என் மானம் இவ்வளவு வேகமாகக் கப்பலேறியதும் இல்லை, அதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை. எழுதிக்கொண்டே வந்த அதிகாரி ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "போதுங்க, போதும்" என்றார். "இவ்வளவும் ஒரே இடத்துல பண்ணணும்னா அங்கதான் குடியிருந்திருக்கணும்."

பதினோரு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். இனி விசாரணைக்கு யார் வந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர் கண்டித்து அனுப்பினார். விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது நீட்டிப்பு வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் மேட்டுப் பாறையில் ஏறி நின்று செல்பேசியில் அதைப் படித்தேன். இறங்கி வந்து மனைவியிடம் சொன்னதும், "சரி, மருந்து விடுற நேரமாச்சு" என்று தலையை அண்ணாந்து காட்டினாள். அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடக் கன்னத்தில் விழவில்லை. அடுத்த வாரமே, பாஸ்போர்ட் சான்றின் நகலுக்கு எழுதிப் போட்டேன். அதற்கு ஆன நேரம் பத்து நிமிடம். அதைத்தான் நான் அத்தனை வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

முதல் நாள் எனக்காகத் துணிந்து பொய் சொன்ன அதே மனிதர்கள், மூன்றாம் நாள் தங்கள் பயத்தை விழுங்கிக்கொண்டு எனக்காக வந்து உண்மையைச் சொன்னார்கள். இந்த இரண்டில் எதற்கு முதலில் நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாததால், தினமும் டீக்கடையில் போய் உட்கார்ந்து, அவர்கள் என்னைக் கிண்டல் செய்ய வசதியாக முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.