தன் விலைக்குத் தானே அதிர்கிறவர்

"ஐயையோ! இவ்வளவா வருது?"

அலறியது வீட்டுக்காரர் இல்லை. விலை சொன்ன காண்டிராக்டரேதான். தரைக்கு டைல்ஸ் போடும் தொழிலில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்று தானே கணக்குப் போட்டு, தானே வாயால் சொல்லி, அந்தத் தொகை காதில் விழுந்ததும் ஆடிப்போய்விடுவார். எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்குள், "இல்ல இல்ல, தப்பா சொல்லிட்டேன், பத்து குறைச்சுக்கலாம்" என்பார். குறைத்த விலையும் காதில் விழுமே! அதற்கும் ஓர் ஐயையோ உண்டு.

ஒருமுறை போனில் விலை சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. ஆள் கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்து இரண்டு தடவை குறைத்துவிட்டார். லைன் திரும்பி வந்ததும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "ஹலோ, யாரு பேசறது?"

வேலையில் கெட்டிக்காரர். பதித்த டைலை எல்லாம் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். எங்காவது 'டொக்'கென்று கேட்டால் போதும், "உள்ள காத்து நிக்குது" என்று அதைப் பெயர்த்து எடுத்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார். பழைய தரையை உடைக்க, உடைத்ததை அள்ளிக் கொட்ட, மூலைகளில் வெட்டி வீணாகும் டைலுக்கு என்று மற்றவர்கள் தனித்தனியாகக் காசு வாங்குவார்கள். இவர், "அதுக்கெல்லாமா காசு கேப்பாங்க?" என்று கூசிப்போய் விட்டுவிடுவார். சிமெண்ட் மூட்டை விலை ஏறினால் முகம் மாறாமல் கொடுப்பார். தன் உழைப்புக்கு விலை சொல்லும்போதுதான் நெஞ்சு படபடக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் நான் அவரைக் கூப்பிட்டேன். மூன்று அறை, ஒரு ஹால். பேரம் பேசும் சிரமம் எனக்கில்லை, அதை அவரே பார்த்துக்கொள்வார்.

மைத்துனரோடு வந்தார். மைத்துனருக்கு நாற்பது வயது இருக்கும், காண்டிராக்டர் மனைவியின் தம்பி. காண்டிராக்டருக்குக் கால் முட்டி தேய்ந்துபோனதால் இப்போது குந்தி உட்கார முடியாது. அளப்பதும் வெட்டுவதும் காண்டிராக்டர், தரையில் உட்கார்ந்து பதிப்பது மைத்துனர். இருவரும் அளவு எடுக்கட்டும் என்று நான் டீ போடப் போனேன். உள்ளறையில் பேச்சு கேட்டது.

"மாமா, அந்த ஆஸ்பத்திரி வேலையில எனக்குக் கூலியே நிக்கல. இன்னைக்கும் குறைச்சீங்கன்னா நாளைக்கே நான் வேற ஆள்கிட்ட போயிடுவேன். பேசி முடிச்சாச்சு."

"டேய், நீ போயிட்டா என் தொழில் என்னடா ஆகும்? யாரு பதிப்பா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ரேட்டைச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

"அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கேடா!"

பாவம் பார்க்கும்படியான மூஞ்சி எனக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் பிழைப்பே கவிழப்போகிறது, அதில் நான் மலிவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கேட்ட விலைக்குச் சரி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

டீயோடு ஹாலுக்கு வந்தேன். அவர் கையிலிருந்த தாளை இரண்டு முறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சதுர அடிக்கு நூத்தி நாப்பது. பழைய தரையை உடைக்கறது தனி. அள்ளிக் கொட்டறது தனி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் நினைத்து வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன நாக்கு, பழக்க தோஷத்தில், "அம்மாடி, அவ்வளவா!" என்றுவிட்டது.

அவர் கண்கள் அகன்றன. உதடு பிரிந்தது. 'ஐ' வரைக்கும் வெளியே வந்தேவிட்டது. கதவருகே நின்ற மைத்துனர், சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். காண்டிராக்டர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, வியர்வை துடைக்க வைத்திருந்த துண்டைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.