அறிவுரைக்கு இரண்டு அடி

வட்டார அமெச்சூர் கோல்ஃப் சங்கத்தின் கௌரவச் செயலாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் 'சட்டம் சார்'. முதுகுக்குப் பின்னால் வேறு சில பட்டங்களும் உண்டு, அவை அச்சில் ஏற்றத்தக்கவை அல்ல. கௌரவச் செயலாளர் என்றால் என்னவோ ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் இல்லாமல் திட்டு வாங்குகிறவர், அவ்வளவுதான்.

பிழைப்புக்கு அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடி வாங்கப் போகிறவர்கள், புத்தகத்தை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, தலையணையை எப்படி வைப்பது, மருமகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பதையெல்லாம் இலவசமாக வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மனிதர் தங்கமானவர். ஆனால் அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டார். வீட்டிலும் அதே கதை. குக்கரை எப்போது இறக்குவது, துண்டை எப்படி மடிப்பது, பால் பாக்கெட்டின் எந்த மூலையை வெட்டுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அவர் மனைவி ஒரு வங்கியில் மேலாளர். பகலெல்லாம் நாற்பது பேருக்கு உத்தரவு போட்டுவிட்டு வருகிற அம்மாள், வீட்டில் பால் பாக்கெட்டைத் தன் இஷ்டத்துக்கு எதிர் மூலையில் வெட்டுவார். இருபத்தாறு வருஷக் குடித்தனம் இப்படியே ஓடிவிட்டது.

சங்கத்து வேலை என்றால் சட்டத்துக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எந்த மாதம் எந்த மைதானத்தில் போட்டி, புல் எவ்வளவு உயரம், குழியைக் காட்டும் கொடியை எங்கே நடுவது, யாருக்கு எத்தனை சலுகை அடி, எல்லாம் அவர் பொறுப்பு. சலுகை அடி என்பது பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஆட்டம் சுமாராக வருகிறவருக்கு மொத்தத்தில் சில அடிகளைக் கழித்துக் கொடுப்பார்கள். அதனால்தான் கற்றுக்குட்டியும் கெட்டிக்காரரும் ஒரே கோப்பைக்கு மோத முடிகிறது. கழித்தது போக யாருக்கு அடி குறைவோ அவருக்கு வெற்றி. ஒருமுறை சங்கத்து உறுப்பினர் ஒருவர் எங்கோ வெளியூர்ப் போட்டியில் பரிசாகக் கிடைத்த பெரிய ஃபிரிட்ஜை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். காசுக்கு ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர் அவ்வளவு பெரிய பரிசை வாங்கக்கூடாது என்று சட்டம் அதே வேனில் திருப்பி அனுப்பிவைத்தார். அந்த வீட்டு அம்மாள் இன்றுவரை சட்டத்தைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அதற்குள் அவர் காய்கறிகளையெல்லாம் அடுக்கி முடித்திருந்தாராம், பாவம்.

இவ்வளவு செய்கிறவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கிளப் கூடத்தில் வட்டாரக் கோப்பையை வென்றவர்களின் பலகை தொங்கும். வருஷாவருஷம் பெயிண்டரைக் கூட்டிவந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பெயரைத் தங்க நிறத்தில் எழுதவைப்பவர் சட்டம்தான். அதில் ஒரு வரியாவது தன் பெயர் வரவேண்டும். வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தார். ஆனால் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிற அந்தப் பார்வையிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

ஆள் சேர்ப்பதில்தான் வினையே வந்தது. கணக்கு அவரவருக்குத் தனித்தனிதான், ஆனால் மூன்று மூன்று பேராகச் சேர்ந்துதான் ஆடுவார்கள்; யார் யாரோடு என்பதைச் செயலாளர் முடிவு செய்வார். வக்கீலோடு போடாதே, அவர் என் மைத்துனர், பேச்சுவார்த்தை இல்லை என்பார் ஒருவர். டாக்டரோடு போடாதே, கைகுலுக்கும்போதே நாடி பார்க்கிறார் என்பார் இன்னொருவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சட்டம், இந்த வருஷம் பொதுக்குழுவில் எழுந்து நின்றார்.

"இனிமே சீட்டுக் குலுக்கல்தான். டப்பாவுல போட்டு எடுப்போம். யாரு பேரு யாரோட வருதோ, அவங்க சேர்ந்து ஆடணும். அழுதாலும் மாத்தமாட்டேன், காலைப் பிடிச்சாலும் மாத்தமாட்டேன்!"

கை தட்டினார்கள். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி அவரே எடுத்தார். முதல் சீட்டில் பல் டாக்டர். இரண்டாவதில் அவரே. மூன்றாவது சீட்டைப் பிரித்ததும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய மனைவி!

ஆமாம், அந்த அம்மாளும் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆள் கண்ணில் படுவதில்லையே, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்க்க வந்தவர், பயிற்சியாளரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்: "எங்க வீட்டுக்காரரு சொல்லித்தர்றேன்னு கிட்ட வந்தா, நான் மட்டைய வச்சுட்டுப் போய்டுவேன்."

கூடமே சிரித்தது. சங்கத் தலைவர், டைல்ஸ் கடை முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாத்திக்கலாமா சட்டம் சார்?" என்று கேட்டார். எப்படி மாற்றுவார்? வாயை விட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையே.

அன்று வீட்டில் அம்மாள் சொன்னார்: "ஏங்க, ஆட்டத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் யோசனை சொல்லக்கூடாதுன்னு ஒரு விதி இருக்குல்ல?"

"இருக்கு. போட்டியாளருக்கு யோசனை சொன்னா, சொன்னவருக்கு ரெண்டு அடி அபராதம்."

"அப்பாடா," என்றார் அம்மாள். அப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சட்டத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

போட்டியன்று சட்டம் பட்ட பாட்டைப் பல் டாக்டரைக் கேட்டால் சொல்லுவார். அம்மாள் மட்டையைத் தப்பாகப் பிடிப்பார். இவருக்கு நாக்கு துறுதுறுக்கும். உடனே பாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அம்மாள் காற்றைக் கவனிக்காமல் அடிப்பார். இன்னொரு மிட்டாய். பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கன்னமும் உப்பிவிட்டன. "சார், இதெல்லாம் பல்லுக்கு ஆகாது," என்று டாக்டர் எச்சரித்தார். சட்டம் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் ஆட்டத்தைத் திருத்துகிற வேலை இல்லாததால் அவருடைய ஆட்டம் அபாரமாக வந்தது. வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. அம்மாளும் சளைக்கவில்லை. நச்சரிப்பு இல்லாத நாலு மணி நேரம்! அவர் பந்து எப்போதும் கொஞ்சம் வலது பக்கம் இழுக்கும், அதையும் சமாளித்து, பாட்டுகூட முணுமுணுத்துக்கொண்டு ஆடினார்.

கடைசிக் குழிக்கு வந்தபோது மற்ற எல்லாரும் ஆடி முடித்திருந்தார்கள். இவர்கள் இருவரையும் நெருங்க ஆளில்லை. சலுகை போக, சட்டம் மனைவியைவிட ஓர் அடி முன்னால். அந்தக் குழியில் மூன்று அடி ஆகி, அவர் பந்து குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் உள்ளே போகும். ஓரடி மட்டுமே அடித்திருந்த அம்மாளின் பந்து தொலைவில், அவருக்கும் கொடிக்கும் நடுவில் குளம். அம்மாள் தண்ணீருக்கு மேலே நேராக அடிக்கத் தயாரானார். தண்ணீரில் விழுந்தால் அத்தோடு தீர்ந்தது. சட்டத்துக்குக் கோப்பை, பலகை, தங்க நிற எழுத்து எல்லாம் நிச்சயம்.

ஐயோ, வாயை மட்டும் மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதுமே! பாக்கெட்டைத் துழாவினார். மிட்டாய் தீர்ந்திருந்தது. அம்மாள் மட்டையை ஓங்கப்போனார்.

"ஏய், தண்ணி மேல போகாதே! வலது பக்கம் புல்லுல போட்டுட்டு அப்புறம் கொடிய பாரு!"

சொல்லிவிட்டார். குளத்தின் கரையில் நின்ற கொக்கு பறந்தது. பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அடித்தார். பந்து வலது பக்கமாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. அங்கிருந்து அழகாகத் தூக்கிக் கொடியடியில் போட்டு, ஒரே தட்டில் முடித்துக்கொண்டார். சட்டமும் தன் பந்தைக் குழியில் தள்ளினார். ஓரடி வித்தியாசம் அப்படியே இருந்தது.

கணக்கு பார்க்கும் அறைக்குள் நுழைந்ததும் சட்டம் சொன்ன முதல் வார்த்தை: "எனக்கு ரெண்டு அடி சேர்த்துக்குங்க."

விஷயத்தைக் கேட்ட தலைவர் கெஞ்சினார். "விடுங்க சார். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். இதையெல்லாமா கணக்குல எடுப்பாங்க?"

"அங்க நாங்க புருஷன் பொண்டாட்டி இல்ல, போட்டியாளருங்க."

அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைவர் சார், இவரு சொல்றதை நான் காதுலயே வாங்கறது இல்ல. இருபத்தாறு வருஷமா வாங்கினது இல்ல. காதுல விழாத யோசனை எப்படிங்க யோசனை ஆகும்?"

தலைவர் மலர்ந்துபோனார். "நியாயம்! நூத்துக்கு நூறு நியாயம்! டாக்டர், நீங்க சொல்லுங்க."

"மேடம் பந்து எப்பவுமே வலது பக்கம்தான் இழுக்கும்," என்றார் பல் டாக்டர். "இவரு சொல்லலேன்னாலும் அங்கதான் போயிருக்கும்."

"காதுல விழுந்துதா இல்லையாங்கறது கேள்வியே இல்ல," என்று கத்தினார் சட்டம். "சொன்னேனா இல்லையா? சொன்னேன். ஊரான் வீட்டு ஃபிரிட்ஜைத் திருப்பி அனுப்பினவன் நான். எனக்கு மட்டும் தனி விதியா?" இத்தனை வருஷ ஆசை, கைக்கு எட்டியது, தன் வாயாலேயே போயிற்றே என்று நொந்துகொண்டார். ஆனாலும் பேனாவை எடுத்து இரண்டு அடியைத் தானே கூட்டி எழுதினார். அம்மாளுக்கு ஓர் அடியில் வெற்றி.

பரிசளிப்பில் ஜெயித்தவரை அறிவிப்பதும் செயலாளர் வேலைதான். "இந்த வருஷத்து வட்டாரக் கோப்பை..." என்று ஆரம்பித்து, இருமி, தண்ணீர் குடித்து, "என் வீட்டுக்காரிக்கு," என்று முடித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவரும் தட்டினார். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, காரில் ஏறாமல் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார் அவர். அம்மாள் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக்கூடாதா? ஜெயிச்சிருப்பீங்களே. எவ்வளவு ஆசைப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"நீ இவ்வளவு நல்லா ஆடிட்டு, கடைசியில தண்ணில போட்டுட்டு அழுவியோன்னு பயமா இருந்துச்சு. அந்த நேரத்துல எனக்குக் கோப்பையும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. விடு. எப்படியும் நீ காதுல வாங்கல."

அம்மாள் கோப்பையை முந்தானையால் துடைத்தார்.

"உள்ள சும்மா சொன்னேன். வாங்கினேன். வேணும்னேதான் வலது பக்கம் அடிச்சேன்."

சட்டம் ஆடிப்போய்த் திரும்பினார். "நிஜமாவா? ஏன்?"

"நாலு மணி நேரம் வாயத் திறக்காத மனுஷன், தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் திறக்கறாருன்னா, அதுல ஏதோ விஷயம் இருக்கும்னு தோணுச்சு."