சுயம்புலிங்கமும் அலுமினியப் புல்லியும்

சுயம்புலிங்கம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். முன்பெல்லாம் கோபக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. 1984-க்குப் பிறகு அப்படித்தான் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் உதிரிபாகக் கடை சௌந்தரபாண்டியன் அவரிடம் ஒரு அலுமினியப் புல்லியைக் காட்டினார். என்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரம் அது. வண்டியோடு வந்த புல்லி கனத்த இரும்பு. நடுவில் ரப்பர் வைத்தது. இதுவோ தேங்காய்ச் சிரட்டை போல லேசாக இருந்தது. மாட்டினால் வண்டி துள்ளும், டீசலும் மிச்சம் என்றார். ரப்பர் எதற்கு என்று கேட்டதற்கு, சத்தம் கேட்காமல் இருக்கத்தான் என்று பதில் வந்தது.

மாட்டினார். வண்டி துள்ளத்தான் செய்தது. அவரைப் பார்த்து ஸ்டாண்டில் இன்னும் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள்.

மறுவருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம், குருவிகுளம் பக்கம் உளுந்துக்காட்டில் மம்மது என்ற விவசாயியைப் பாம்பு கடித்தது. அவரைக் காரில் கிடத்தி, மனைவி ஆமினாளும் கூட ஏறிக்கொள்ள, சுயம்புலிங்கம் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார். தேவர்குளம் தாண்டியதும் என்ஜினுக்குள் 'டங்'கென்று ஒரு அடி. வண்டி உருண்டு போய் நின்றுவிட்டது. ஆமினாள் ரோட்டில் இறங்கி, வருகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டினார். வெகுநேரம் கழித்து ஒரு வெங்காய லாரி நின்றது.

மம்மது பிழைத்தார், கால் சூம்பிப்போயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். ஆமினாள் அதை யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. சுயம்புலிங்கத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

மெக்கானிக் ஆறுமுகச்சாமி என்ஜினைப் பிரித்தார். புல்லியைத் தாங்கிச் சுழலும் கிராங்க் என்ற இரும்புத் தண்டு இரண்டாக முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தில் பாதி பளபளவென்றிருந்தது, மீதி கருத்துப்போயிருந்தது. கருத்தது பழைய விரிசல், பல மாதமாகவே வளர்ந்து வந்திருக்கிறது என்றார். என்ஜினின் அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ரப்பர். அது போனதும் அடியெல்லாம் கிராங்கிலேயே விழுந்திருக்கிறது.

முறிந்த துண்டுகளைச் சாக்கில் சுமந்துபோய்க் கடை மேஜைமேல் வைத்தார் சுயம்புலிங்கம். ஓட்டின விதம் சரியில்லை என்றார் சௌந்தரபாண்டியன். பிறகு நிதானமாகச் சொன்னார்: “ஒரு வருசம் நல்லா ஓடிச்சில்லா வே. இன்னும் என்னத்துக்குக் கொறை சொல்லுதீரு?”

சுயம்புலிங்கம் துண்டுகளை அவர் பக்கம் தள்ளினார். “ஒரு வருசந்தான் ஓடும்னு விக்கும்போது சொன்னீரா அண்ணாச்சி? சொல்லியிருந்தா பாம்பு கடிச்சவன அந்த வண்டியில ஏத்தியிருப்பனா?”

கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்.

சுயம்புலிங்கம் நேரே ஸ்டாண்டுக்குப் போய், மற்ற மூன்று கார்களிலும் அந்தப் புல்லியைக் கழற்றச் சொன்னார். இரண்டு பேர் சம்மதித்தார்கள். வெள்ளத்துரை மட்டும், தன் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். “எனக்கும் நல்லாத்தான் ஓடிச்சு” என்று சொல்லி சுயம்புலிங்கம் காருக்கு முன்னால் நின்றுகொண்டார். சவாரி காத்திருந்தும் நகரவில்லை. வெள்ளத்துரை திட்டிக்கொண்டே பானட்டைத் திறந்தார்.

சௌந்தரபாண்டியன் அந்தப் புல்லியை விற்பதை நிறுத்தினார். தப்பு என்று மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பூன்றி ஸ்டாண்டுக்கு வரும் மம்மதுவே, விட்டுவிடும், நீர் என்ன செய்வீர் என்று சமாதானம் சொன்னார். சுயம்புலிங்கம் விடவில்லை. மகள் கல்யாணத்துக்கு வண்டி பேச சௌந்தரபாண்டியன் ஸ்டாண்டுக்கு வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்:

“மம்மது வீட்டுக்கு ஒருநாளாவது போய்ப் பாத்தீரா?”

சௌந்தரபாண்டியன் அடுத்த வண்டிக்காரரிடம் போனார். முகூர்த்தத்தன்று மற்ற கார்களெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட, ஸ்டாண்டில் சுயம்புலிங்கத்தின் கார் மட்டும் நின்றது.