மாமா வேண்டாமென்ற இடம்

தலவாக்கலை ஸ்டேஷனில், என் பெட்டியைத் தரையில் வைக்க மனமில்லாமல் தோளிலேயே சுமந்துகொண்டு நின்ற மாமாதான் முதலில் நினைவுக்கு வருகிறார். அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள் தீபாவளிக்கு வரும்போதெல்லாம், அங்கே படித்தால்தான் படிப்பு என்று சொல்லிச் சொல்லியே, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தை நம்பவைத்திருந்தார்கள். மருந்தாளர் ஆகவேண்டுமென்பது என் பிடிவாதம். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்புக்குக் கொழும்பிலேயே பள்ளிக்கூடம் பார்த்துவிட்டார் மாமா. “இங்கயே கெடந்தா நடக்குமாக்கா?” என்று கேட்டார். அம்மாவும் தலையாட்டிவிட்டார்.

உயர்தரப் பரீட்சையை நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கக் குறைந்தது எடுக்கவேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. உயர்தரம் எந்த மாவட்டத்தில் படித்தோமோ அந்த மாவட்டக் கணக்கு. கொழும்புக்கு அதிகம், எங்கள் நுவரெலியாவுக்குக் குறைவு. அடுத்த வீடான பக்கத்துக் காம்பராவில் இருந்த தோழி ஊரிலேயே படித்து, என்னைவிடக் குறைந்த புள்ளியில் மருந்தாளர் பட்டப்படிப்புக்குப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கென்று வைத்த சலுகையை நாங்களே ரயிலேறிப் போய்த் தொலைத்திருந்தோம். தனியார் கல்வி நிறுவனமொன்றில் கட்டணம் விசாரித்துவிட்டு வந்த மாமா அன்று சாப்பிடவில்லை. “கடைய வித்தாலும் கட்ட முடியாது பாப்பா. கடையும் என்னுது இல்ல” என்றார். நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

சில வருடங்கள் கழித்து, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த மாமாவின் மகளுக்கும் அதே ஆசை வந்தது. வெளிமாவட்டப் பிள்ளைகள் எங்கள் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் வந்து சேர்ந்து பரீட்சை எழுதுவதும் நடக்கத்தான் செய்தது. “எங்க வீட்டுல விடு தம்பி. இங்கருந்து எழுதுனா அவளுக்குக் கட்டாயம் கெடைக்கும்” என்றார் அம்மா. நானும் விடாமல் வற்புறுத்தினேன். எனக்குப் போனது அவளுக்காவது வரட்டும் என்று நினைத்தேன்.

மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. “இந்த லயத்துல ஒரு புள்ளையோட எடத்த தெரியாமப் போக்கடிச்சேன். இன்னொரு புள்ளையோட எடத்த தெரிஞ்சே எடுக்கச் சொல்றீங்களாக்கா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கு நல்லவராக இருக்க, பெற்ற மகள்தான் கிடைத்தாளா என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

அவள் கொழும்பிலேயே எழுதினாள். அவளுக்கும் கொஞ்சத்தில்தான் தவறியது. வெட்டுப்புள்ளி வெளியான அன்று மாமா போன் செய்தார். திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“நம்ம லயத்துல யாருக்காவது கெடைச்சுச்சா பாப்பா?”

கீழ் லயத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒருவரின் மகளுக்குக் கிடைத்திருந்தது. சொன்னேன்.

“அப்பச் சரி” என்றார் மாமா.